கோடையில் அப்பத்தா தண்ணீரே குடிப்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: கோட்டையூர்ப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். கோட்டையூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் 81 வயதான என் அப்பத்தா இருக்கிறார். ஐயா (என் தாத்தா) காலமான பிறகு சென்னைக்கு வந்துவிடும்படி அப்பச்சி (என் தந்தை) எவ்வளவோ சொல்லிப் பார்த்தும், விளக்கேற்ற ஆளில்லாமல் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்று கூறி அவர் வர மறுத்துவிட்டார். வீட்டோடு இருந்து உதவும் ஒரு பெண்மணியும், இரண்டு வீடு தள்ளியிருக்கும் பங்காளிகளும்தான் அவருக்குத் துணை.

கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து அவரைப் பற்றிய கவலை அதிகமாகிவிட்டது. காலையில் கட்டிலருகே மூடி வைக்கும் செம்புத் தண்ணீர் மாலையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. கேட்டால், "தாகம் எடுத்தால் குடிக்க மாட்டேனா?" என்கிறார். சென்ற வாரம் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்தவர் தலைசுற்றி வளவுத் (முற்றத்தைச் சுற்றிய கூடம்) தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அன்று மாலை வரை, ஐயா எங்கே போயிருக்கிறார் என்று இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறார். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, உடலில் நீர் குறைந்துவிட்டது என்றும், இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சற்றுக் கூடியிருக்கிறது என்றும் கூறி, சலைன் ஏற்றி அனுப்பினார். மறுநாளே தெளிவாகிவிட்டார்.

இரத்த அழுத்தத்திற்காக டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையையும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மினையும் எடுத்துக்கொள்கிறார். மூட்டு வலி கடுமையாக இருக்கும் நாளில் கடையில் வாங்கிய வலி மாத்திரையையும் போட்டுக்கொள்வதாகத் தெரிகிறது. இதய நோய் இல்லை.

அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் தேவை, அதை எப்படிக் குடிக்க வைப்பது என்பதே என் முதன்மையான கேள்வி. இன்னொரு கவலையும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் விடியற்காலையிலேயே ஊருணிக்குச் சென்று தலை முழுகுவதை அவர் விடவில்லை. முழுவதுமாகத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிடவும் பயமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர், தேவகோட்டை

வணக்கம் தம்பி. உங்கள் அப்பத்தா சொல்வது பொய்யல்ல; அவருக்கு உண்மையிலேயே தாகம் எடுப்பதில்லை. வயது ஏற ஏற, உடலில் நீர் குறைவதை மூளைக்கு அறிவிக்கும் தாக உணர்வு மங்கிவிடுகிறது. சிறுநீரைச் செறிவாக்கி நீரைச் சேமிக்கும் ஆற்றலும் சிறுநீரகத்திற்குக் குறைந்துவிடுகிறது. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறனும் தளர்கிறது. இளம் வயதில் உடல் எடையில் 60 விழுக்காடு அளவுக்கு இருந்த நீர், முதுமையில் 50 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடுவதால், கையிருப்பும் குறைவு. ஆகவே தாகத்தை நம்பிக் குடிக்கும் வழக்கம் எண்பது வயதில் உதவாது. நேரத்தை வைத்தே குடிக்க வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, இதயச் செயலிழப்போ முற்றிய சிறுநீரக நோயோ இல்லாத வயதான பெண்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1.6 லிட்டரும் ஆண்களுக்குக் குறைந்தது 2 லிட்டரும் பானமாக உள்ளே போக வேண்டும் என்பது முதியோர் ஊட்டச்சத்து வழிகாட்டல்களில் சொல்லப்படும் அளவு. நம் வீட்டு 200 மில்லி டம்ளரில் கணக்கிட்டால் உங்கள் அப்பத்தாவுக்கு எட்டு டம்ளர். மோர், காபி, கஞ்சி, ரசம் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். வெயில் கொளுத்தும் நாளில் இன்னும் ஒன்றிரண்டு டம்ளர் கூடலாம். அவருடைய மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே இறுதி. ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிக்கச் சொன்னால் எந்த முதியவரும் மறுப்பார். காலை எழுந்தவுடன் ஒன்று, பலகாரத்தோடு ஒன்று, பதினோரு மணிக்கு மோர் என்று பிரித்துக் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் தானாக இறங்கும். செம்பை மூடி வைத்துவிட்டுப் போவதால் பயனில்லை.

ஆனால் இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒன்றை நீங்கள் முதலில் கேட்டறிய வேண்டும். உங்கள் வீட்டில் கழிப்பறை எங்கே இருக்கிறது? பணிக்காலத்தில் நீர்க்குறைவோடு வந்த எத்தனையோ ஆச்சிமார்களிடம் தனியாக உட்கார்ந்து பேசியபோது கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டியிருக்கிறது, போகிற வழியில் விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பேரனிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும் என்பதால், தாகம் இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சிலருக்கு இருமினால், தும்மினால் சிறுநீர் கசியும் தொல்லையும் இருக்கும். அதற்குச் சிகிச்சை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. வீட்டுப் பெண்கள் யாரையாவது விட்டு மெதுவாகக் கேட்கச் சொல்லுங்கள்.

நீர் குறைவதைக் கண்டறியத் தோலைக் கிள்ளிப் பார்க்கும் பழக்கம் முதியவர்களிடம் சரிவராது. அவர்களுக்கு எப்போதுமே தோல் தளர்ந்துதான் இருக்கும். நாக்கு வறண்டு ஒட்டுவது, சிறுநீர் அடர் மஞ்சளாகக் குறைந்த அளவில் போவது, எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவது, வழக்கத்துக்கு மாறான சோர்வு அல்லது தடுமாற்றமான பேச்சு ஆகியவற்றைக் கவனியுங்கள். ஐயா எங்கே என்று அவர் கேட்டதை மறதி நோய் என்று எண்ணி வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றது மிகச் சரியான செயல். ஒரே நாளில் திடீரென்று வரும் குழப்பத்தை எப்போதும் உடல்நோயின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.


பதில் 2: கண்டனூர் ஆச்சி

தம்பிக்கு ஆசிகள். எனக்கும் எழுபத்தைந்து கடந்துவிட்டது. உங்கள் அப்பத்தா இருப்பது போன்ற பெரிய வீட்டில்தான் நானும் இருக்கிறேன். செவிலியர் அம்மா சொன்னதை நான் அப்படியே வழிமொழிகிறேன்.

நம் வீடுகள் கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் கட்டப்பட்டவை. முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில், கழிப்பறை கடைசிக் கட்டு எனும் பகுதியையும் தாண்டிக் கொல்லைப்புறத்தில் இருக்கும். வளவை ஒட்டிய அறையில் படுத்திருக்கும் ஒருத்தி இரவில் எழுந்தால், ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படியைத் தாண்ட வேண்டும், முற்றத்துப் படியில் இறங்கி ஏற வேண்டும், விளக்குப் பொத்தானைத் தேட வேண்டும். முழங்கால் வலிக்காரிக்கு அது ஒரு யாத்திரை. ஆகவே மாலை நான்கு மணிக்குமேல் தண்ணீரைத் தொடவே மாட்டோம். பிறகு அந்த வழக்கம் பகலுக்கும் வந்துவிடும். என் வயதுப் பெண்கள் எங்களுக்குள் இதைப் பேசிக்கொள்வோமே தவிர, பிள்ளைகளிடம் சொல்ல மாட்டோம்.

நான் என் வீட்டில் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன். படுக்கும் அறையிலேயே மூலையில் ஒரு தட்டி மறைப்பு வைத்து, அதற்குள் கமோடு நாற்காலி போட்டிருக்கிறேன். மருத்துவப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கிறது. என் மகன் அறையை ஒட்டிய பத்தியிலேயே (தாழ்வாரம்) கழிப்பறை கட்டித் தருவதாகச் சொன்னான். தேக்குத் தூணுக்கும் பழைய சுவருக்கும் கேடு வராமல் கட்டக்கூடிய கொத்தனார் கிடைக்கும் வரை காத்திருக்க முடியாது என்பதால் நாற்காலியே போதும் என்றேன். கட்டிலிலிருந்து அது வரை சுவரில் ஒரு கைப்பிடிக் குழாயும், ஆள் நடந்தால் தானாக எரியும் சிறு விளக்கும் இருக்கின்றன. இதைச் செய்த பிறகு தண்ணீர் குடி என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் அப்பத்தா முதலில், படுக்கும் அறையில் இதையெல்லாம் வைப்பதா என்று ஆசாரம் பேசுவார். மறைப்பும் மூடியும் இருக்கிறது, காலையில் உடனே கழுவிவிடலாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். குடிக்கும் நேரத்தையும் முன்னுக்கு இழுத்துவிடுங்கள். எட்டில் ஆறு டம்ளர் மாலை ஐந்து மணிக்குள் முடிந்துவிட்டால் இரவில் எழுவது குறையும்.

வெறும் தண்ணீர் சலித்துவிடும். காலையில் பழைய சோற்று நீராகாரம், நடுவில் நீர்மோர், மாலையில் வெள்ளரிப்பிஞ்சு, கிடைக்கிற நாளில் இரண்டு நுங்கு என்று மாற்றிக் கொடுங்கள். சர்க்கரை இருப்பதால் பானகமும் நன்னாரி சர்பத்தும் வேண்டாம். மோரில் உப்பைக் கொஞ்சமாகப் போட்டுக் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டால் சுவை குறையாது.

இன்னொன்று, வீட்டைக் குளிர்விப்பதற்காகத் தரையில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் அந்த வீட்டில் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பல வருடத் தேய்ப்பில் கண்ணாடி போல் வழவழப்பாகியிருக்கும். அதில் ஒரு கை நீர் கிடந்தாலே கால் வழுக்கிவிடும். என் உறவில் ஓர் ஆச்சி இப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அதன் பிறகு எழுந்து நடக்கவேயில்லை. அந்தத் தரை நீர் தெளிக்காமலே குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதற்காகத் தரையில் படுக்க வேண்டாம், படுத்தால் எழ முடியாது. பத்தியில் ஒரு தாழ்ந்த கட்டிலைப் போட்டுக்கொள்ளலாம்.


பதில் 3: மருந்தாளுநர், காரைக்குடி

வணக்கம். மருந்துகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இது உங்கள் அப்பத்தாவின் விஷயத்தில் மிகவும் முக்கியம் என்று கருதுகிறேன்.

அவர் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையில் உள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து. டெல்மிசார்டான், நீர் குறையும்போது சிறுநீரகம் தன்னுள் அழுத்தத்தைக் காத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்றை அடைக்கிறது. இவை இரண்டும் நல்ல மருந்துகள்தாம். சாதாரண நாளில் அவரைப் பக்கவாதத்திலிருந்து காப்பவை. ஆனால் இந்த இரண்டோடு டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளில் ஒன்று சேரும்போது, சிறுநீரகத்திற்கு இரத்தம் போகும் வழி இரு முனைகளிலும் தடைபடுகிறது. அந்த நேரத்தில் உடலில் நீரும் குறைவாக இருந்தால் சில நாட்களிலேயே கிரியேட்டினின் ஏறிவிடும். சென்ற வாரப் பரிசோதனையில் அது கூடியிருந்ததற்கு இந்த வலி மாத்திரையும் ஒரு காரணமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். மூட்டு வலிக்குப் பாராசிட்டமாலும் மேற்பூச்சு மருந்துகளும் பாதுகாப்பானவை. அளவை மருத்துவர் சொல்வார்.

அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வயிற்றுப்போக்கோ வாந்தியோ காய்ச்சலோ வந்து சாப்பாடும் தண்ணீரும் இறங்காத நாளில் எந்தெந்த மாத்திரைகளை நிறுத்தி வைப்பது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதே அது. அழுத்த மாத்திரை, மெட்ஃபார்மின், சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டபாக்ளிஃபுளோசின் வகை மாத்திரைகள் ஆகியவற்றை அப்படிப்பட்ட நாட்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம். அந்தத் தாளை மாத்திரைப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டி வைத்துவிட்டால், உதவிக்கு இருக்கும் பெண்மணிக்கும் குழப்பம் வராது. சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைகள் வியர்வையைக் குறைத்து மயக்கத்தையும் குழப்பத்தையும் கூட்டும் என்பதால், கோடையில் அவற்றையும் தவிர்ப்பது நல்லது.

இளநீரைப் பற்றி ஒரு சொல். கோடை வந்தாலே வயதானவர்களுக்குத் தினமும் இரண்டு இளநீர் வாங்கிக் கொடுப்பது நம் பக்கத்தில் அன்பின் அடையாளமாகிவிட்டது. ஒரு டம்ளர் இளநீரில் சுமார் அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டான் உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் மருந்து; சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கும்போது இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பையே பாதிக்கும் அளவுக்குப் பொட்டாசியம் ஏறலாம். இரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று ஒரு முறை பார்த்த பிறகு, மருத்துவர் சம்மதித்தால் மட்டும் எப்போதாவது ஓர் இளநீர் கொடுங்கள்.

உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். வயிற்றுப்போக்குக்கும் மிகையான வியர்வைக்குமான மருந்து. தினசரி பானம் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி 20.5 கிராம் பொட்டலம் ஒன்றை முழு ஒரு லிட்டர் நீரில் கரைத்து 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுப்பது உப்பைக் கூட்டிவிடும். பழச்சுவையில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று எண்ணி வாங்காதீர்கள். அந்தப் பெயரை அவற்றின் மேல் அச்சிடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. உண்மையான கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே உண்டு. அந்தப் பானங்களில் சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு இருக்கும்.

மறுபுறம், ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற தயசைடு வகை மருந்து எடுப்பவர் பயந்துபோய் வெறும் தண்ணீரை மூன்று நான்கு லிட்டர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி அதே குழப்பமும் தள்ளாட்டமும் வரும். எட்டு டம்ளர் என்பதை இருபதாக்கிவிட வேண்டாம்.


பதில் 4: ஊருணிக்கரைக்காரன், புதுவயல்

ஊருணிக் குளியலைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஊருணியைத் தூர்வாரிப் படிக்கட்டைச் செப்பனிடும் பணியில் ஊராரோடு சேர்ந்து ஈடுபட்டு வருகிறேன்.

கோடை ஊருணியும் மழைக்கால ஊருணியும் ஒன்றல்ல. ஐப்பசி கார்த்திகையில் மேற்படியிலேயே நீர் இருக்கும். உட்கார்ந்து செம்பால் மொண்டு குளிக்கலாம். சித்திரை வைகாசியில் நீர் வற்றிக் கீழ்ப்படிகள் வெளியே தெரியும். வருடத்தில் பெரும்பகுதி நீருக்குள் கிடந்த அந்தப் படிகளில் பாசி படிந்து, மேலே காய்ந்தது போல் தோன்றினாலும் ஈரக்கால் பட்டவுடன் வழுக்கும். படி முடிந்த இடத்தில் சேறு. சேற்றுக்கு அப்பால், தூர்வாரும்போது மண் எடுத்த குழி எங்கே தொடங்குகிறது என்று கலங்கிய நீரில் தெரியாது. பல வருடம் குளித்துப் பழகிய இடம் என்ற நம்பிக்கைதான் பெரியவர்களை அந்தக் குழி வரை கொண்டுபோகிறது.

உங்கள் அப்பத்தாவின் உடல்நிலையையும் சேர்த்துப் பாருங்கள். இரவு முழுவதும் தண்ணீர் குடிக்காமல், வெள்ளிக்கிழமை விரதம் என்று வெறும் வயிற்றோடு, நீரிறக்கும் மாத்திரை போட்ட உடம்போடு, குனிந்து முழுகி நிமிரும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். வீட்டில் அப்படி நேர்ந்தபோது பிடித்துக்கொள்ளத் தூண் இருந்தது. நீருக்குள் எதுவும் இருக்காது. இடுப்பளவு நீர்கூடத் தேவையில்லை, முழங்கால் அளவிலேயே மயங்கி முகம் கவிழ்ந்து விழுந்தவர் எழ மாட்டார். நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை என்பதால், பத்தடி தள்ளித் துணி துவைப்பவருக்குக்கூடத் தெரியாமல் போய்விடும்.

கோடை முடியும் வரை முழுக்கை வீட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஊருணி நீரை ஒரு குடத்தில் கொண்டுவந்து கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தலைக்கு ஊற்றினால், அவர் மனத்துக்கும் நிறைவாக இருக்கும். காலில் ஆறாத புண்ணோ வெடிப்போ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வற்றிப் பச்சை பிடித்த நீர் சர்க்கரை நோயாளியின் புண்ணில் படக் கூடாது, வாய் கொப்பளிக்கவும் கூடாது. அப்படியிருந்தால் ஊருணி நீரை விட்டுவிட்டு வீட்டு நீரையே ஊற்றுங்கள். மொட்டைமாடி நெகிழித் தொட்டியில் வெயிலில் கிடந்த குழாய் நீரை மதியத்தில் திறந்தால் கை பொறுக்காத சூட்டோடு வரும் என்பதையும் உதவிப் பெண்மணிக்குச் சொல்லி வையுங்கள். சர்க்கரையால் உணர்வு குறைந்த காலில் அந்தச் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும்.

அவர் எந்தச் சமாதானத்துக்கும் உடன்படாமல் ஊருணிக்குத்தான் போவேன் என்றால், வெளிச்சம் வந்த பிறகு, நீந்தத் தெரிந்த ஒருவரின் துணையோடு, காய்ந்த மேற்படியில் உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொள்வதோடு நிற்கட்டும். புறப்படுமுன் ஒரு டம்ளர் நீராகாரம் குடிக்க வேண்டும். விரதத்துக்கு அதனால் பங்கம் வராது. யாராவது தவறி விழுந்தால் நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. சேலையையோ வேட்டியையோ முறுக்கி வீச வேண்டும், அல்லது நீண்ட கம்பை நீட்ட வேண்டும். கரையேற்றிய பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க முயல்வது தவறு. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து நெஞ்சை அழுத்தத் தொடங்கி, மற்றொருவர் 108-ஐ அழைக்க வேண்டும்.


கேள்வியாளரின் மறுமொழி: கோட்டையூர்ப் பேரன்

ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று என் மனைவி தொலைபேசியில் அப்பத்தாவிடம் தனியாகப் பேசினார். செவிலியர் அம்மாவும் கண்டனூர் ஆச்சியும் எழுதியது அப்படியே உண்மை; இரண்டாங்கட்டு நிலைப்படியில் ஏற்கெனவே ஒருமுறை இடறியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. கமோடு நாற்காலிக்கும் சுவர்க் கைப்பிடிக்கும் ஏற்பாடு செய்துவிட்டோம். வலி மாத்திரை அட்டையையும் எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டப் போகிறோம். ஊருணி பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை. குடத்தில் கொண்டுவரும் யோசனைக்கு அவர் மறுப்புச் சொல்லாமல் இருப்பதே ஆறுதலாக இருக்கிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. ஊரில் பிற்பகலில் மின்சாரம் போனால் என்ன செய்வது? அவருக்காக மாடியில் குளிர்சாதனம் பொருத்திய ஓர் அறை கட்டியிருக்கிறோம். அங்கே இருக்கச் சொல்வதா, கீழேயே இருக்கச் சொல்வதா?


பதில் 5: ஓய்வுபெற்ற செவிலியர், தேவகோட்டை

தம்பி, கீழேயே இருக்கட்டும். மின்சாரம் நின்ற சிறிது நேரத்திலேயே மாடியில் உள்ள காங்கிரீட் அறை சூடேறிவிடும். அந்த வேளையில் முழங்கால் வலியோடு படியிறங்குவது வேறு ஆபத்து. நம் பழைய வீட்டின் கனமான செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். காலை ஒன்பது மணிக்குள் வெயில் பக்கத்துச் சன்னல்களைச் சாத்தி, இரவில் வெளிக்காற்று குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட்டால், வளவை ஒட்டிய அறையே அந்த வீட்டில் மிகக் குளிர்ந்த இடமாக இருக்கும். அறையில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். பகலில் அறைச் சூடு 32 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் ஊர் மே மாதத்தில் அது எல்லா நாளும் இயலாது என்றாலும், எந்த அறை குளிர்ந்தது என்பதையாவது அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மின்விசிறியை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. அறைச் சூடு 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் விசிறி அனல் காற்றையே உடம்பில் அடித்து மேலும் சூடாக்கும். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயன்படும் வழி, தோலை ஈரமாக வைப்பது. ஈரத்துண்டால் கை, கழுத்து, முகம், கால் ஆகியவற்றைத் துடைத்துவிட்டுப் பனையோலை விசிறியால் வீசினால், அவருடைய உடல் வியர்க்கத் தவறும் வேலையை அந்த ஈரம் செய்துவிடும். பருத்திச் சேலையின் தலைப்பை நனைத்துத் தோளில் போட்டுக்கொள்வது எளிது. நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொள்ளுங்கள். ஆச்சி சொன்ன வழுக்கல் தரையை மறக்க வேண்டாம்.

உதவிப் பெண்மணி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது இது. உடம்பு தொட்டால் நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, அல்லது வலிப்பு வந்து, அல்லது எழுப்பினால் எழாமல் இருந்தால் அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). வயதானவர்களுக்கு வியர்வையே இல்லாமலும் வரும். உடல்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் சேதம். முதலில் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திராமல் சேலையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும்; பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைத் தணிக்காது.

காலை பத்து மணிக்கு ஒரு முறையும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறையும் வீட்டில் யாராவது தொலைபேசியில் கூப்பிடுங்கள். பங்காளி வீட்டார் வெளியூர் போகும் நாட்களையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உடனே மருத்துவரை அணுக முடியாத சிறு சந்தேகங்களுக்குத் தமிழக அரசின் 104 எண்ணும், முதியோருக்கான உதவிக்கு 14567 எண்ணும் இருக்கின்றன. 108-ஐயும் சேர்த்து இவை மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி இருக்கும் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கிரியேட்டினினையும் சோடியம், பொட்டாசியத்தையும் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்று, வலி மாத்திரை அட்டையைக் காட்டப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுத் தேதி வாங்கிவிடுங்கள்.